வாட்ச் கூப்பிட்டால் யார் வருவார்?

நாமக்கல் பக்கம் சேந்தமங்கலத்தில் என் அத்தை வீட்டுத் துவைக்கல் கொல்லைப்புறத்து வேப்பமரத்தடியில் கிடக்கிறது. போன வருடம் ஒரு நாள் காலையில் அவர் அதன்மேல் ஒரு போர்வையை ஓங்கி நாலு அடி அடித்தார். அடுத்த ஒன்றிரண்டு நிமிடத்தில் பெங்களூரில், ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்த அவர் மகனின் போன் அலறியது. அம்மா பலமாக விழுந்துவிட்டார் போலிருக்கிறது என்று அதில் ஒரு செய்தி. பதறிப்போய் அத்தையைக் கூப்பிட்டான். சோப்பு நுரைக் கையோடு அவர் போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டைக் கூப்பிட்டான். பக்கத்து வீட்டு அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து பார்த்தால், அத்தை போர்வையைப் பிழிந்துகொண்டிருக்கிறார்.

“என்ன சாமி இப்புடி ஓடியார? ஆருக்கு என்ன ஆச்சு?”

எல்லாம் அவர் இடது கையில் கட்டியிருந்த வாட்ச் செய்த வேலை. எழுபது வயதில் தனியாக இருக்கிற அம்மாவுக்கு மகன் வாங்கி மாட்டிவிட்டுப் போனது. நாடித் துடிப்பைப் பார்க்கும், எத்தனை அடி நடந்தார் என்று எண்ணும், எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று சொல்லும், விழுந்தால் ஊரைக் கூட்டும். அன்றைக்கு அது ஊரைக் கூட்டியது.

மூன்று மாதம் கழித்து அத்தை நிஜமாகவே விழுந்தார். விடிகாலையில், குளியலறையில், ஈரத்தில் வழுக்கி. வாட்ச் ஜன்னல் கட்டையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. தாலிக்கொடியையே குளிக்கும்போது கழற்றாத மனுஷி, “கரண்டு சாமானம், தண்ணி பட்டா என்னத்துக்கு ஆகும்” என்று அதை மட்டும் கழற்றி வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவார். முக்கால் மணி நேரம் தரையில் கிடந்தார். ஏழு மணிக்கும் வாசலில் கோலம் இல்லையே என்று பார்த்துவிட்டுக் கதவைத் தட்டியது அதே பக்கத்து வீட்டு அக்காதான். இடுப்பெலும்பு தப்பித்தது. உடைந்தது இடது மணிக்கட்டு. வாட்ச் கட்டும் அதே இடத்தில் ஆறு வாரம் மாவுக்கட்டு இருந்தது.

இந்த இரண்டு காலைகளை மட்டும் வைத்துக்கொண்டு, கையில் கட்டுகிற மருத்துவக் கருவியெல்லாம் பணம் பிடுங்கும் வேலை என்று எழுதிவிடலாம். எழுதினால் பொய்யாகும். விஷயம் அதைவிடச் சிக்கலானது.

ஆள் இல்லாத திண்ணைகள்

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் பத்தில் ஒருவர் அறுபது வயதைத் தாண்டியவர். 2021ஆம் ஆண்டுக்கான அரசுக் கணிப்பு அதை 13.6 சதவீதம் என்கிறது. 2031இல் அது 18 சதவீதத்தைத் தாண்டும் என்கிறது. நாட்டில் நமக்கு முன்னால் நிற்பது கேரளம் மட்டும்தான். குழந்தை குறைவாகப் பெற்றோம், நீண்ட நாள் வாழ்கிறோம். இரண்டுமே நாம் விரும்பிச் செய்ததுதான். அதற்கான விலை இப்போதுதான் வாசலுக்கு வந்திருக்கிறது.

சேந்தமங்கலத்தில் இந்த விலைக்குத் தனி முகம் உண்டு. நாமக்கல் பக்கத்து ஆண்கள் லாரியோடு போனால் வீடு திரும்ப வாரங்கள் ஆகும். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடநாட்டுக்குப் போனால் மாதங்கள். படித்தவர்கள் பெங்களூரிலும் ஓசூரிலும். கொல்லிமலையிலிருந்து இறங்குகிற இளம் ஆட்கள் திருப்பூருக்கும் கேரளத்து மிளகுத் தோட்டங்களுக்கும். திண்ணையில் மிஞ்சுவது கிழவிகளும் கிழவர்களும். ஒரு காலத்தில் கூட்டுக் குடும்பம் பார்த்துக்கொண்ட வேலையை இப்போது ஒரு சின்னக் கண்ணாடித் திரையிடம் ஒப்படைக்கிறோம்.

முதியோருக்கென்று தனி மருத்துவம் இந்த நாட்டில் தொடங்கியது சென்னையில் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் வ.செ. நடராஜன் அதைப் பற்றித் தமிழிலேயே நிறைய எழுதியவர். 2012இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது 2024 பிப்ரவரியில். நடுவில் 46 ஆண்டுகள்.

பச்சைக்கு எதிரி பச்சை

வாட்ச் எப்படி நாடி பிடிக்கிறது? கழற்றித் திருப்பிப் பாருங்கள், அடியில் பச்சை வெளிச்சம் மின்னும். பச்சை ஒளியை ரத்தம் உறிஞ்சிக்கொள்ளும். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் மணிக்கட்டுக்கு வரும் ரத்தம் கூடிக் குறைகிறது. அதற்கேற்பத் திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடி. கொரோனாக் காலத்தில் நாம் விரலில் மாட்டிக்கொண்ட ஆக்சிமீட்டரும் இதே குடும்பம்தான். அது சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் வைத்துக் கணக்குப் போடுகிறது. 1974இல் அந்த வழியைக் கண்டுபிடித்த ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ அயோயாகி 2020 ஏப்ரலில் காலமானார். உலகமே அவர் கருவியைத் தேடிக் கடை கடையாக அலைந்த மாதம் அது.

இப்போது அத்தையின் முன்கையைப் பாருங்கள். எட்டு வயதில் குறத்தியிடம் நெல் கொடுத்துக் குத்திக்கொண்ட பச்சை. தேரும் தாமரையும் மணிக்கட்டு வரை இறங்கியிருக்கும். பச்சை குத்திய மை ஒளியை மறித்துவிடும், அளவு தப்பும் என்று வாட்ச் செய்கிறவர்களே கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் மனதில் இருந்தது அமெரிக்க இளைஞன் தோளிலிருந்து கைவரை வரைந்துகொள்ளும் டாட்டூ. நம் கிராமத்துக் கிழவிகளில் பலருக்கு அது இருக்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். போதாததற்குக் கண்ணாடி வளையல், தோல் சுருக்கம், தளர்வாகக் கட்டிய பட்டை. ஒளி ஓரம் வழியே கசிந்தால் எண் தாறுமாறாகும்.

தோல் நிறமும் ஒரு தொல்லை. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், உடலில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் ஆக்சிமீட்டர் ‘நன்றாக இருக்கிறது’ என்று காட்டிய தவறு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. கருவியைச் சோதித்துச் சோதித்துச் செம்மையாக்கியது பெரும்பாலும் வெள்ளைத் தோலில். நம் மாநிலத்தில் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சர்க்கரை பற்றி ஒரு எச்சரிக்கை, கொஞ்சம் அழுத்தமாகவே. ஊசி குத்தாமல், தோலைத் துளைக்காமல் ரத்தச் சர்க்கரையைக் காட்டும் வாட்ச், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி கொடுத்ததில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரி 21 அன்று அறிவித்தது. ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்கு ‘சுகர் பார்க்கும் வாட்ச்’ விற்கிறார்கள். அது காட்டும் எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. கையில் வில்லை போல ஒட்டிக்கொண்டு இரண்டு வாரம் சர்க்கரையைத் தொடர்ந்து பார்க்கும் சென்சார் வேறு. அதில் மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் போகிறது. அது மெய்யான கருவி, விலை ஆயிரக்கணக்கில். பிரஷர் பார்க்கும் வாட்சிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாம்சங் வாட்சை நான்கு வாரத்துக்கு ஒருமுறை கையில் பட்டை கட்டிக் காற்றடிக்கும் பழைய மெஷினோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். அந்த மெஷினையே வாங்கி வைத்தால் என்ன என்று அத்தை கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வாட்ச் உண்மையிலேயே சாதித்திருக்கிற இடம் இதயத் தாளம். வயதானால் சிலருக்கு இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பிப் படபடக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். வலி இருக்காது, பலருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு ஏறும். அது வந்து போகிற கோளாறு. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கிற ஐந்து நிமிடத்தில் பெரும்பாலும் ஒளிந்துகொள்ளும். அப்படி ஒளிவதையும் பிடிக்க உதவும், உடலோடு சுமந்து போகும் ஈசிஜி கருவியை அமெரிக்காவின் மோன்டானாக்காரர் நார்மன் ஹோல்டர் 1940களில் செய்தார். முதலில் செய்தது சுமார் 38 கிலோ, முதுகில் மூட்டையாகக் கட்டிக்கொள்ள வேண்டும். இன்றைக்கு அந்த வேலையில் ஒரு பங்கை மணிக்கட்டு செய்கிறது. ஆப்பிள் நிறுவனமும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் 4,19,297 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. வாட்ச் எச்சரித்தது அதில் 2,161 பேரை. எச்சரிக்கை வந்தபின் மார்பில் பட்டை ஒட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதத்தினருக்கு அந்தக் கோளாறு இருந்தது.

நல்ல கணக்குத்தான். ஆனால் அந்த நாலு லட்சத்தில் பாதிக்கும் மேல் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள், 65 தாண்டியவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். யாருக்குத் தேவையோ அவர்கள் கையில் வாட்ச் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும், குழப்பம் அதிகம் என்பதால்: தாளக் கோளாறு வேறு, மாரடைப்பு வேறு. தன் வாட்ச் மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்று ஆப்பிளே ஒவ்வொரு ஈசிஜியின் அடியிலும் எழுதுகிறது. புரட்டாசி சனிக்கிழமை நைனாமலையின் ஆயிரக்கணக்கான படிகளை ஏறும்போது நெஞ்சு அழுத்தினால், வாட்ச் ‘எல்லாம் சரி’ என்று காட்டினாலும் உட்கார வேண்டும், 108ஐக் கூப்பிட வேண்டும்.

விழுகிறது என்றால் என்ன

உலகத்தில் ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிகம் சாவது அறுபது தாண்டியவர்கள். வாட்சுக்குள் வேகமாற்றத்தையும் திருப்பத்தையும் உணர்கிற சில்லுகள் இருக்கின்றன. திடீர் வேகம், பலத்த மோதல், பிறகு அசைவின்மை. இந்த மூன்றும் வரிசையாக வந்தால் விழுந்ததாக முடிவுகட்டும். அசைவு இல்லாவிட்டால் ஒரு நிமிடம் போலக் காத்திருந்து ஆளைக் கூப்பிடும்.

நம் வீட்டு வேலைகள் அந்தக் கணக்கில் இல்லை. துணி துவைப்பது, உலக்கை பிடிப்பது, மஞ்சள் இடிப்பது எல்லாம் அதற்கு ‘மோதல்’. அதே நேரத்தில் நம் கிழவர்கள் விழுவதே வேறு மாதிரி. கட்டிலிலிருந்து சரிந்து மெதுவாகத் தரைக்கு வருவார்கள். குந்தி உட்காரும் கக்கூசில் எழ முடியாமல் சுவரோடு சாய்வார்கள். அதில் வேகமும் இல்லை, மோதலும் இல்லை. வாட்ச் பேசாமல் இருந்துவிடும். அதற்குச் சிலநேரம் பொய்யாய்க் கத்தத் தெரிகிறது, மெய்யாய்க் கத்தத் தெரியவில்லை என்பதில் ஆச்சரியமே இல்லை.

குளியலறையில் கைப்பிடிக் கம்பி ஒன்று, சொரசொரப்பான தரை, ராத்திரி எரிகிற சின்ன பல்பு. இந்த மூன்றும் வாட்சைவிட மலிவு. கம்பியிலும் தரையிலும் தண்ணீர் பட்டாலும் கவலை இல்லை.

எழுபது வளைவுக்கு மேலே

சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி போய், அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலைமேல் சோளக்காடு. மேலே செம்மேடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடு நாடாக மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். எழுபத்தைந்து வயதிலும் கேழ்வரகுக் காட்டில் குனிந்து களை எடுப்பவர்கள் அங்கே சாதாரணம். ஒரு நாளைக்கு எத்தனை அடி நடந்தாய் என்று அவர்களிடம் கேட்கிற வாட்சைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

(கொல்லிமலைக்குச் சென்சார் புதிது இல்லை என்றும் சொல்லலாம். வேற்றாள் வாடை அடித்தால் சிரித்துக் கொல்லும் என்று கதை சொல்லப்படும் கொல்லிப்பாவை சங்கப் பாடல்களிலேயே வருகிறது. அதுவும் சிலநேரம் ஆள் மாறிச் சிரித்திருக்கும்.)

மலையில் வாட்ச் என்றால் ஒரு சங்கிலியை நினைத்துப் பார்க்க வேண்டும். வாட்ச் போனோடு பேச வேண்டும், போன் பக்கத்தில் இருக்க வேண்டும். போன் டவரோடு பேச வேண்டும், பள்ளத்தில் இறங்கினால் டவர் இல்லை. செய்தி போனாலும், எடுத்தவர் திருப்பூரில் இருக்கிறார். அவர் 108க்குச் சொன்னால் வண்டி வளைவுகளைக் கடந்து வர வேண்டும், பிறகு ஆளை ஏற்றிக்கொண்டு நாமக்கல்லுக்கு இறங்க வேண்டும். 2022 ஜனவரியில் திறந்த நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மலைக்குப் பெரிய ஆறுதல்தான். அதற்கு முன்னால் பெரிய வைத்தியம் என்றால் சேலம். ஆனாலும் இந்தச் சங்கிலியில் மிகவும் விலை உயர்ந்த கண்ணி வாட்ச், மிகவும் பலவீனமான கண்ணி அதற்குப் பின்னால் வருகிற ஒவ்வொன்றும். தமிழ்நாட்டு முதியோர் உதவித்தொகை 2023இல்தான் மாதம் 1,200 ரூபாய் ஆனது. நல்ல வாட்ச் ஒன்று அவர்களுக்குப் பல மாதப் பிழைப்பு.

மாட்டுக்கு நாம் இதைவிட யோசித்துச் செய்திருக்கிறோம். ஊரில் எந்த மாட்டின் காதைப் பார்த்தாலும் பன்னிரண்டு இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை தொங்கும். அதற்கு சார்ஜ் வேண்டாம், டவர் வேண்டாம். ஊசி போட்டது, சினை பிடித்தது எல்லாம் அந்த எண்ணில் பதிவாகும். பதிகிறவர் நேரிலேயே வந்து தொழுவத்தில் நிற்கிறார்.

மனிதருக்கும் அப்படி ஒரு ஏற்பாடு தமிழ்நாட்டில் உண்டு என்பதால்தான் இந்தக் கட்டுரையை எழுதவே துணிந்தேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சுய உதவிக் குழுவிலிருந்து வந்த உள்ளூர்ப் பெண் தன்னார்வலர் பையில் பிரஷர் மெஷினும் சுகர் மெஷினும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருகிறார். அளவு எடுக்கிறார், மாத்திரை கொடுக்கிறார், ஏறுமாறாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறார். படுத்த படுக்கையானவர்களுக்கு நர்ஸும் இயன்முறை மருத்துவரும் தனியே வருகிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் தொற்றாநோய்க் குழு இதற்கு விருது கொடுத்தது.

அத்தை அந்தப் பெண்ணை “மாத்திரக்காரப் புள்ள” என்பார். அந்தப் பெண் வாட்சைப் போல நொடிக்கு நொடி பார்ப்பதில்லை, மாதத்துக்கு ஒருமுறைதான். ஆனால் பிரஷர் எண்ணோடு சேர்த்து இன்னும் நாலு விஷயத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார். மாத்திரை அட்டையில் போன மாதத்து மாத்திரை மிச்சம் இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, அடுப்பு எரிந்திருக்கிறதா, பேச்சில் தடுமாற்றம் உண்டா. இவற்றைப் பார்க்கும் சில்லு எதுவும் இன்னும் கடைக்கு வரவில்லை.

என் கட்சி இதுதான்: நல்ல கருவியை அந்தப் பெண்ணின் பையில் போட வேண்டும், கிழவியின் கையில் அல்ல. இதயத் தாளம் பார்க்கும் சின்ன ஈசிஜி கருவி ஒன்று அந்தப் பையில் இருந்தால், ஒரு கருவி ஒரு ஊருக்கே போதும். சார்ஜ் போடுவது அவர் பொறுப்பு. எண் தவறாக வந்தால் மறுபடி எடுக்க அவருக்குத் தெரியும். செய்ய முடியாத காரியம் இல்லை. கொரோனா நேரத்தில், 2020இலேயே, சென்னை ஐஐடியின் மருத்துவத் தொழில்நுட்ப மையமும் அங்கே முளைத்த ஹெலிக்சான் நிறுவனமும் சேர்ந்து, விரலில் மாட்டினால் காய்ச்சல், ஆக்சிஜன், நாடி, மூச்சு நான்கையும் தூரத்திலிருந்தே மருத்துவருக்குக் காட்டும் கருவியைச் செய்து ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்தார்கள். அறிவு நம்மிடம் இருக்கிறது.

உடம்பில் மாட்டுகிற கருவி என்று பேசும்போது எல்லோரும் மறந்துபோவது காது மெஷின். டிமென்ஷியா என்கிற மறதி நோய்க்கு நாம் மாற்றக்கூடிய காரணங்களை லான்செட் ஆணையம் 2024இல் பட்டியலிட்டபோது பதினான்கில் காது கேளாமையும் ஒன்று, கண் மங்குவதும் ஒன்று. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்குக் காது மெஷின், கண்ணாடி, கைத்தடி, பல்செட் தருவதற்கு 2017 முதல் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ என்ற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. காது கேட்காத அம்மாவுக்கு நாடி பார்க்கும் வாட்ச் வாங்கித் தருவது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை. அது அலறினாலும் அவருக்குக் கேட்காது.

ஜப்பானில் சோஜிருஷி என்கிற பிளாஸ்க் கம்பெனி 2001இல் ஒரு வெந்நீர்க் கெட்டிலை விட்டது. தனியாக இருக்கிற கிழவர் எப்போதெல்லாம் தேநீருக்குத் தண்ணீர் பிடித்தார் என்று அது தூரத்திலிருக்கும் பிள்ளைக்குத் தகவல் அனுப்பும். கையில் எதையும் கட்ட வேண்டாம், எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம். வழக்கமான நேரத்தில் தண்ணீர் இறங்கவில்லை என்றால் ஏதோ சரியில்லை. இதைப் படித்தபோது எனக்கு வாசல் கோலம்தான் ஞாபகம் வந்தது. பால் சொசைட்டியும்தான். தினம் காலையில் ஒன்றரை லிட்டர் ஊற்றுகிற பாட்டி ஒருநாள் வரவில்லை என்றால் அங்கே நாலு பேர் கேட்பார்கள்.

அத்தைக்கு மாவுக்கட்டு பிரித்தாயிற்று. கை முழுதாக மடங்கவில்லை, ஆனாலும் துவைக்கிறார். வாட்சை இப்போது வலது கையில் கட்டுகிறார், குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. அதற்கு மூன்று மாதச் சண்டை நடந்தது. “நனைஞ்சா நனையுது போ. கெட்டா அவன் இன்னொண்ணு வாங்கட்டும்” என்று கடைசியில் சம்மதித்தார். அவர் மகனும் ஒன்றைக் கற்றுக்கொண்டான். அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தீபாவளிக்கு ஊரிலிருக்கும் அம்மா அப்பாவுக்கு வாட்ச் வாங்குகிறவர்கள், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய முதல் எண்ணாகத் தயவுசெய்து உங்கள் எண்ணைப் போடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணைப் போடுங்கள். முன்கூட்டியே நேரில் போய் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.